அடுத்தவர் கையில் நம் பெயரில் ஒரு சிம்

கேள்வி:

ஓசூர் ஜூஜூவாடியில் எங்களுக்கு ஒரு லைன் வீடு உண்டு. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள்தான் குடியிருக்கிறார்கள். கணவர் காலமான பிறகு இந்த வாடகைதான் எனக்குச் சோறு போடுகிறது. 2020-லிருந்து 2022 வரை, புதிதாக வந்த சில பிள்ளைகள் "உள்ளூர் அட்ரஸ் இல்லாமல் சிம் கிடையாது என்று கடையில் திருப்பி அனுப்புகிறார்கள் அம்மா" என்று வந்து நின்றார்கள். பாவமாக இருந்தது. என் ஆதாரைக் காட்டி, கடையில் என் முகத்தைப் படம் பிடிக்கவும் கொடுத்து, ஆறு பேருக்கு என் பெயரில் சிம் வாங்கித் தந்தேன். அதற்காக யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

அந்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவன் கம்பெனி மாறி அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டான். மற்ற மூன்று பேரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். எங்கே என்று தெரியாது. சிம் சட்டம் மாறிவிட்டது, இப்படிக் கொடுத்தவர்களுக்கு மூன்று வருடம் ஜெயில், 50 லட்சம் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எல்லாவற்றையும் இன்றைக்கே மூடிவிடு என்கிறான் பெங்களூரில் இருக்கும் என் மகன். இங்கே இருக்கும் இருவரோ, பேங்க் கணக்கு அந்த நம்பரில்தான் இருக்கிறது, மூடினால் செத்தோம் என்று அழுகிறார்கள். எங்கள் வீட்டில் பாதி நேரம் கர்நாடகா டவர்தான் எடுக்கிறது. இதற்கு எந்த மாநிலச் சட்டம்? இன்னொன்று. ஃபவுண்டரியில் வேலை செய்யும் ஒரு பையன் போன வாரம் தன் பெயரிலேயே சிம் வாங்கப் போனான். ரேகை பதியவில்லை என்று கடைக்காரர் மூன்று நான்கு முறை வைக்கச் சொன்னாராம். கடைசியில் சிம்மும் கிடைக்கவில்லை. இதில் ஏதாவது வில்லங்கம் உண்டா? இவ்வளவு கெடுபிடியால் திருட்டு குறைகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்:

அம்மா, வாட்ஸ்அப்பில் வந்த தண்டனைக் கணக்கு சரிதான். அதை உங்கள்மேல் பொருத்தியதுதான் தவறு. 2023 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு, மோசடி செய்தோ ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நீங்கள் காட்டியது உங்கள் ஆதார். கடைக்காரர் படம் பிடித்ததும் உங்கள் முகத்தைத்தான். நீங்கள் யார்போலவும் நடிக்கவில்லை. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததே 2024 ஜூன் 26-ல்தான். நீங்கள் சிம் வாங்கித் தந்தது அதற்குப் பல மாதங்கள் முன்னால். பின்னால் வந்த தண்டனைச் சட்டத்தை முன்னால் நடந்த செயலுக்குப் பொருத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20-வது பிரிவு தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே, கொடுத்த குற்றத்துக்காக மட்டுமே உங்களைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையிலும் நீங்கள் வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு குறைவு. ஒருவர் பெயரில் ஒன்பது எண்கள் வரை இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் ஆறு. வரம்பைத் தாண்டினால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு லட்சம் வரையும் அபராதம் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆறோடு உங்கள் சொந்த எண்களையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு உங்கள் மகன் பக்கமும் நான் பேச வேண்டும், ஏனென்றால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு எண்ணிலிருந்து யாரோ ஒரு முதியவரை மிரட்டிப் பணம் பறித்தால், காவல்துறை முதலில் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்பது அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். கிடைப்பது உங்கள் பெயரும் ஜூஜூவாடி முகவரியும். பேசியது நீங்கள் இல்லை என்பதை விளக்கும் வேலை உங்கள் தலையில் விழும். தன் பெயரில் எடுத்த சிம்மை அடுத்தவருக்குக் கொடுத்து அது மோசடிக்குப் பயன்பட்டால் சந்தாதாரரும் பொறுப்பேற்க நேரலாம் என்று தொலைத்தொடர்புத் துறையே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. இங்கே இருக்கும் இரண்டு பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போன மூன்று பேரின் சிம் இப்போது அவர்கள் கையில்தான் இருக்கிறதா, பழைய கைபேசியோடு யாருக்காவது விற்றுவிட்டார்களா என்பது உங்களுக்குத் தெரியாது.

அதனால் அந்த மூன்று எண்களையும் தயங்காமல் மூடிவிடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால், உங்கள் பெயரில் ஓடும் எண்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று தேர்வுகள் இருக்கும்: என் எண் அல்ல, தேவையில்லை, தேவை. இங்கே பலர் அவசரத்தில் தவறு செய்கிறார்கள். நீங்கள் அழுத்த வேண்டியது "தேவையில்லை". "என் எண் அல்ல" என்று அழுத்தினால், உங்களுக்குத் தெரியாமல் யாரோ உங்கள் பெயரில் திருட்டுத்தனமாக வாங்கினார்கள் என்று புகார் கொடுத்ததாக ஆகும். கடையின் பதிவில் உங்கள் படமே இருக்கும்போது, உண்மையைச் சொல்லித் தப்பிக்க வேண்டிய இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லி மாட்டிக்கொள்வீர்கள். கோரிக்கையைப் பதிந்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். எந்த எண்ணை, எந்த ஊர்ப் பிள்ளைக்கு, ஏறக்குறைய எந்த மாதம் வாங்கித் தந்தீர்கள், அவன் எப்போது அறையைக் காலி செய்தான் என்பதையும் வாடகை நோட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் யாராவது வந்து கேட்டால் உங்களுக்குக் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

சிம்மைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், சும்மா கிடக்கட்டும் என்று விடவும் கூடாது. சிம்மைக் கழற்றிய பிறகும் அந்த எண்ணில் திறந்த வாட்ஸ்அப் கணக்கு வேறொரு கைபேசியில், வேறொரு நாட்டில்கூட ஓடிக்கொண்டிருக்க முடியும். கம்போடியாவிலும் பக்கத்து நாடுகளிலும் இருந்து இயங்கும் மோசடிக் கும்பல்களுக்கு இந்திய எண்கள் தேவைப்படுவது இதற்காகத்தான். இந்த ஓட்டையை அடைக்கத்தான், சிம் கைபேசியில் இருந்தால் மட்டுமே செயலி வேலை செய்ய வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் பெயரில் உள்ள எண்ணை மூடுவதற்கு நீங்கள் எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

இங்கே இருக்கும் இருவர், அத்திப்பள்ளிக்குப் போனவன், இந்த மூன்று பேர் விஷயத்தில் மட்டும் உங்கள் மகன் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். "இன்றைக்கே மூடு" என்றால் அவர்கள் உண்மையிலேயே தவித்துப்போவார்கள். ஒரு ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த எண் வெறும் பேசுகிற எண் இல்லை. சம்பளம் விழுகிற கணக்கு அதில் இருக்கிறது. ஊரில் அம்மாவுக்கு ஜிபே செய்வது அதிலிருந்து. ஆதாரோடு சேர்ந்திருப்பதும் அந்த எண்ணே. நாளை வேலையை விட்டுப் போகும்போது பிஎஃப் பணத்தை எடுக்க விண்ணப்பித்தால் ஓடிபி ஆதாரில் உள்ள எண்ணுக்குத்தான் போகும். எண் செத்துவிட்டால், ஓசூரில் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு ஒடிசாவிலிருந்து அலைய வேண்டும். மூடிய எண்ணை நிறுவனங்கள் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது இவனுடைய பேங்க் செய்தி யாரோ ஒருவர் கையில் போய் விழும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மூவரும் தங்கள் பெயரிலேயே புது சிம் வாங்கட்டும். ஆதாரில் ஒடிசா முகவரி இருந்தாலும் தமிழ்நாட்டில் சிம் வாங்கலாம்; தங்கும் முகவரி கேட்டால் உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லட்டும். முகவரியைத் தருவது வேறு, பெயரைத் தருவது வேறு. முன்னதில் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. புது எண் வந்ததும் பேங்கில் நேரில் போய் எண்ணை மாற்ற வேண்டும், பிறகு ஆதாரில், பிறகு பிஎஃப் கணக்கில். ஜிபேயும் வாட்ஸ்அப்பும் கடைசி. எல்லாம் மாறி, புது எண்ணுக்கு ஒரு சம்பளச் செய்தி வந்த பிறகு பழைய எண்ணை மூடுங்கள். பழைய எண்ணையே அவர்கள் பெயருக்கு மாற்ற முடியாதா என்று கேட்பீர்கள். இரத்த உறவுக்குள் பெயர் மாற்றம் நடக்கும். உறவில்லாதவருக்கு அதை நம்பிக் காத்திருந்து நாளைக் கடத்துவதைவிடப் புது எண்ணே நல்லது. அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுங்கள், அன்பாகவே கண்டிப்பாக இருங்கள். சம்பளம் ஒரு சுற்று வரும் வரை என்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் லேபர் கான்ட்ராக்டர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஆட்களை இறக்கியதும் சூப்பர்வைசர் பெயரில் கட்டாக சிம் எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் இந்தப் பகுதியில் உண்டு. 2023 ஆகஸ்டில் வந்த உத்தரவு மொத்த இணைப்பு என்ற பழைய முறையையே நிறுத்திவிட்டது. பதிவுபெற்ற நிறுவனம் தன் பெயரில் வணிக இணைப்புகள் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணையும் யார் வைத்திருக்கிறாரோ அவருடைய அடையாளச் சரிபார்ப்பும் தனித்தனியே நடக்க வேண்டும்.

எந்த மாநிலச் சட்டம் என்ற கேள்விக்கு வருகிறேன். தொலைத்தொடர்பு மத்திய அரசின் பட்டியலில் உள்ள விஷயம். சேவைக்காக நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூஜூவாடி தமிழ்நாடு வட்டம், சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடக வட்டம். உங்கள் கைபேசி எந்தப் பக்கத்து டவரைப் பிடித்தாலும் பதிவு மாறாது, சட்டமும் மாறாது. ஆனால் மோசடிப் புகார் ஹைதராபாத்திலோ புனேயிலோ பதிவானால் அந்த ஊர்க் காவல்துறை ஓசூருக்கு வந்து விசாரிக்கலாம். அப்படி வந்தால் பதற வேண்டாம். இப்போதுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவின்படி, சாட்சியாக விசாரிப்பதற்காக ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சந்தேக நபராக அழைத்தால் 35-வது பிரிவின் கீழ் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஒரு வழக்கறிஞரைக் கூட வைத்துக்கொண்டு, நான் சொன்ன அந்தத் தாளைக் காட்டி நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு தோன்றி, உங்கள் பெயரில் உள்ள சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது, பணம் கட்டினால் விடுவோம் என்று யாராவது சொன்னால் அவன்தான் திருடன். இணைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். இந்த நேரத்தில் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பயம்தான்.

அடுத்தது ஃபவுண்டரிப் பையன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய இடம் இதுதான். சூட்டிலும் மணலிலும் வேலை செய்கிறவனுக்கு விரல் ரேகை தேயும். பர்கூர், ஜெகதேவிப் பக்கம் கிரானைட் அறுக்கிறவர்களுக்கும், சிமென்ட் கலக்குகிறவர்களுக்கும் இதே கதி. இயந்திரம் மறுத்தது என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மையாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரேகை பதியாமல் போவது அவனுக்குப் பழகிப்போனதால், பதிந்த ரேகையையும் பதியவில்லை என்று சொல்லி ஏமாற்றுவது சுலபம். முதல் தடவை வைத்த ரேகையில் ஒரு சிம்மைத் திறந்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சரியாக விழவில்லை, இன்னொரு தரம் வை" என்பார்கள். இரண்டாவது அவனுக்கு, முதலாவது மோசடிக் கும்பலுக்கு. 2025 மே மாதம் சிபிஐ, தமிழ்நாடும் கர்நாடகமும் உட்பட எட்டு மாநிலங்களில் சிம் விற்பனை முகவர்களின் இடங்களைச் சோதனையிட்டது. சைபர் குற்றவாளிகளுக்கு சிம் சப்ளை செய்ததாக எழுந்த புகாரின் பேரில் நடந்த சோதனை அது. உங்கள் பையன் போன கடைக்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. சரிபார்க்காமல் விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவு கெடுபிடியால் திருட்டு குறைகிறதா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சிம் வாங்க அடையாளம் கேட்பதில் நம் நாடு எவருக்கும் சளைத்ததில்லை. 2017 மார்ச்சில் எல்லா எண்களையும் ஆதாரோடு இணைக்கச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, வாடிக்கையாளர் விரும்பினால் ஆதார் என்று கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் காகித விண்ணப்பமே ஒழிந்தது. இப்போது 2023 சட்டத்தின் 3-வது பிரிவு, சந்தாதாரரை உடற்கூறு அடையாளத்தால் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிரிவுகளின் பட்டியலில் அது இல்லை. இத்தனைக்கும் நடுவில்தான், போலியாக எடுக்கப்பட்டவை என்று 52 லட்சம் இணைப்புகளைத் துண்டித்ததாகவும், 67,000 முகவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததாகவும் 2023 ஆகஸ்டில் மத்திய அரசே அறிவித்தது. வெளிநாட்டிலும் இதே கதைதான். மெக்சிகோ 2009-ல் தொடங்கிய பதிவேட்டை 2012-ல் கைவிட்டது. 2021-ல் உடற்கூறு விவரங்களோடு திரும்பக் கொண்டுவந்த சட்டத்தை அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிலிப்பைன்ஸ் 2022-ல் சட்டம் போட்டுக் கோடிக்கணக்கான சிம்களைப் பதிந்த பிறகும் அங்கே மோசடிக் குறுஞ்செய்திகள் நிற்கவில்லை.

பதிவே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. காணாமல் போன பெண்ணைத் தேடவும், மிரட்டியவனைப் பிடிக்கவும் பதிவு உதவியிருக்கிறது. ஆனால் பதிவு கண்டுபிடித்துத் தருவது சிம்மைப் பயன்படுத்தியவனை அல்ல, சிம்முக்குப் பெயர் கொடுத்தவனை. ஓசூர் போன்ற ஊரில் அந்தப் பெயர் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத, குடை விரித்து விற்கும் கடையில் காட்டிய இடத்தில் விரலை வைத்த ஒரு தொழிலாளியுடையதாக இருக்கிறது. தவறாமல் அகப்படுகிறவன் அவன். கமிஷனுக்காகக் கூடுதல் சிம்மைத் திறந்தவர் கடையை மாற்றிக்கொண்டு போய்விடுவார். விற்பனை முகவர்களைக் கட்டாயமாகப் பதிய வேண்டும், பதியாத முகவரை வைத்து விற்றால் நிறுவனத்துக்கு 10 லட்சம் அபராதம் என்று 2023-ல் கொண்டுவந்த விதி சரியான திசையில் வைத்த அடி. அந்த அடியை இன்னும் நீட்ட வேண்டும். ஒருவர் பெயரில் புதிய எண் திறந்த அந்த நிமிடமே, அவர் கையில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு அவருடைய மொழியில், ஒடியாவிலோ இந்தியிலோ தமிழிலோ, செய்தி போக வேண்டும். ரேகை தோற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் அச்சிட்ட சீட்டு தரவேண்டும். உடற்கூறு அடையாளத்தைக் கட்டாயமாக்கும் விதிகளை எழுதுகிறவர்கள் ரேகை தேய்ந்தவர்களுக்கு என்ன வழி என்பதையும் அதே விதியில் எழுத வேண்டும். அதை எழுதாமல் கொண்டுவந்தால், கடுமையாக உழைக்கிறவனுக்குத்தான் சொந்தப் பெயரில் சிம் கிடைக்காமல் போகும். அவன் உங்களைப் போன்ற இன்னொரு அம்மாவின் வாசலில் வந்து நிற்பான்.

பையனுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கடந்த ஆறு மாதத்தில் அவனுடைய ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது, அது வெற்றியா தோல்வியா என்று பார்க்கலாம். போன வாரத் தேதியில் தொலைபேசி நிறுவனத்தின் பெயரோடு ஒரு "வெற்றி" தெரிந்தால், அதைப் படமெடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ஆதார் உதவி எண்ணான 1947-க்கு அழைத்தும் உதவி கேட்கலாம். அதே இணையதளத்தில் உடற்கூறு விவரங்களைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. ரேகை வைக்கும் தேவை வரும்போது மட்டும் திறந்தால் போதும். புது சிம்முக்கு அவனை நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு அழைத்துப் போங்கள். ரேகை ஏறாவிட்டால் அசல் அடையாள அட்டையைக் காட்டி, நேரில் படம் எடுத்துப் பதியும் டிஜிட்டல் முறையில் கேளுங்கள்; உங்களுக்கு 2020-ல் செய்தது அதுதான். சொந்த எண் கிடைத்த அன்றே சஞ்சார் சாத்தியில் அவன் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று அவன் கைபேசியிலேயே பார்த்துவிடுங்கள். தான் வாங்காத எண் ஒன்று அதில் இருந்தால் "என் எண் அல்ல" என்பதை அழுத்தச் சொல்லுங்கள். அவன் விஷயத்தில் அதுதான் உண்மை.